விட்டத்தைப் பார்த்தபடி ஒரு மடல்

அன்புள்ள உத்திரத்துக்கு,

மணி இரவு பதினொன்று. பாயில் மல்லாந்து படுத்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலைவெட்டி இல்லாதவனை ‘விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்’ என்று நம் ஊரில் ஏசுவார்கள். எனக்கு அதுவே வேலையாகிப் போனது. இருபத்தெட்டு வருடமாக அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். நாளைக் காலையில் ஒரு வீட்டில் பால்கனிக்கு முட்டு பிரிக்க வேண்டும். முட்டு பிரிப்பதற்கு முந்தைய இரவு எனக்கு எப்போதும் தூக்கம் வராது. வராத தூக்கத்தை விரட்டிக்கொண்டு கிடப்பதற்கு, உன்னிடம் பட்ட கடன்களை எழுதி வைக்கலாமே என்று எழுந்து உட்கார்ந்தேன்.

உத்திரமே, முதல் கடன் ஆச்சி வீட்டில் பட்டது. எங்கள் பக்கம் அதை மட்டப்பா வீடு என்பார்கள். பட்டணத்துப் பொறியாளர்களுக்கு அது மெட்ராஸ் டெரஸ். தேக்கில் நீ, உன் மேல் நெருக்க நெருக்கமாகக் கட்டைகள், கட்டைகளின் மேல் சிறு செங்கல்லை நட்டக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கிய தளம். அந்த வீட்டில் உன்னிடம் தொங்காத பொருளே கிடையாது. என் தொட்டில் தொங்கியது, ஆச்சியின் உறி தொங்கியது, ஊஞ்சல் சங்கிலி தொங்கியது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்பு தாத்தா ஏணி போட்டு ஏறி உனக்கு ஒரு பரிசோதனை நடத்துவார். உன் அடிவயிற்றில் முனைக்கொரு தீப்பெட்டியை அணைத்து வைத்து, அவற்றின் கீழே நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவார். நடுவில் உனக்கும் நூலுக்கும் இடையே தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைப்பார். நாலு குச்சி நுழைந்தால் முகம் தெளியும். போன வருடமும் நாலு, அதற்கு முந்தைய வருடமும் நாலு. “இறங்குனது தப்பில்ல. வருசா வருசம் இறங்கிக்கிட்டே இருக்கக் கூடாது” என்பார். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. டிஃப்ளெக்‌ஷன் என்ற சொல்லை நான் கல்லூரியில் கேட்பதற்குப் பத்து வருடம் முன்பே, அதை இரண்டு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் கருவியை அவர் என் கையில் கொடுத்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு குச்சி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

சுமைதாங்கியே, நீயும் உத்திரம்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில், ஊர் எல்லையில், இரண்டு கல்லை நட்டு மூன்றாவது கல்லைக் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒருத்தியின் நினைவாக வைத்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊரார் தங்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். விறகுக்கட்டோடு வரும் பெண்கள் யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை உன் மேல் சாய்த்துவிட்டு முந்தானையால் முகம் துடைப்பார்கள். பின்னாளில் ஒரு விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, அதன் ஒரு முனையில் முக்கோணமும் மறுமுனையில் வட்டமும் வரைந்து ‘சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்’ என்றார். வகுப்பே விழித்தது. எனக்கு விறகுக்கட்டின் வாசனை வந்தது. இரண்டு பேர் மேல் சும்மா கிடக்கிறது, யாரோடும் கட்டிப்போடவில்லை, முனைகள் லேசாகத் திரும்ப நினைத்தால் திரும்பிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். சுமையை நடுவில் வைத்தால் இரண்டு காலுக்கும் பாதிப் பாதி. ஓரமாக வைத்தால் பக்கத்துக் காலுக்கு அதிகம். நடுவில் வைக்கும்போதுதான் நீ அதிகமாக வளைய நேரும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓரத்தில் வைத்திருக்க மாட்டார்கள். கட்டு கவிழ்ந்துவிடும்.

மீட்டர் ஸ்கேலே, உன்னையும் விட்டுவிட மாட்டேன். முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் உன்னை இரண்டு கத்திமுனைகள் மேல் கிடத்தி, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, குத்தி வைத்த ஒரு குண்டூசியின் நுனி எவ்வளவு இறங்குகிறது என்று நகரும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்கள். சீரற்ற வளைவு என்று அந்தச் சோதனைக்குப் பெயர். யங் குணகம் கண்டுபிடிக்க வேண்டும். நான் வேறொன்றைக் கண்டுபிடித்தேன். அலுப்பில் உன்னைத் திருப்பி, பட்டையாகக் கிடந்தவளை விளிம்பில் நிறுத்தினேன். அதே மரம், அதே எடை, அதே தூரம். குண்டூசி அசைந்ததாகவே தெரியவில்லை. ஆய்வக உதவியாளர் வந்து என் காதைத் திருகாத குறை. விடுதிக்கு வந்து கணக்குப் போட்டேன். உன் அகலம் 30 மில்லிமீட்டர், தடிமன் 6. அகலத்தை அப்படியே எடுத்து, உயரத்தை மும்முறை பெருக்கி, பன்னிரண்டால் வகுக்க வேண்டும் என்றது புத்தகம். பட்டையாகக் கிடக்கும்போது வருவதைப் போல 25 மடங்கு, விளிம்பில் நிற்கும்போது வந்தது. உன்னிடம் எவ்வளவு மரம் இருக்கிறது என்பது பேச்சே இல்லை. அந்த மரம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் பேச்சு. இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று ஒரு பெயர். மாணவர்களை மிரட்டுவதற்கென்றே வைத்தது போல. அந்த ஓர் இரவில் அது எனக்கு உறவுக்காரியாகிவிட்டது.

பனையே, நீ குறுக்கே வரத்தான் செய்வாய். எங்கள் ஊர்ப் பனையை அறுத்தால் வெளிப்பக்கம் கருகருவென்று வைரம், உள்ளே வெறும் சோறு. சட்டத்துக்கு வெளிவைரத்தைத்தான் பிளந்து எடுப்பார்கள். நிலத்தில் வேரூன்றி, தலையில் ஓலையைச் சுமந்து, ஐப்பசிக் காற்றில் ஆடும் பனை, ஒரு முனையில் மட்டும் பிடிமானத்தோடு நட்டக்குத்தாக நிற்கும் ஒரு கேண்டிலீவர்தானே. வளைவின் வலி வெளி விளிம்பில்தான் என்று எந்தப் புத்தகத்தில் படித்ததோ, பலத்தையெல்லாம் கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்கிறது. இரும்பு ஆலையில் ‘ஐ’ வடிவத்தில் உத்திரம் உருட்டுகிறவர்கள் செய்வதும் இதுவே: மேலும் கீழும் தடித்த பட்டை, நடுவில் மெல்லிய தகடு.

உத்திரமே, உன்னால்தான் ஒரு பாடத்தில் தோற்றேன்; அதுவும் கடன் கணக்கில்தான் சேரும். எம் பை ஐ, எஃப் பை ஒய், ஈ பை ஆர். சஷ்டி கவசம் போல ஒப்பிப்பேன். தேர்வில் எழுதினேன், அரியர் வாங்கினேன். அந்த விடுமுறையில் ஒரு பெரிய அழிரப்பரை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் நேர் நேராகக் கோடுகள் இழுத்து, இரண்டு கையாலும் வளைத்தேன். மேல்பக்கம் கோடுகள் நெருங்கின. அடிப்பக்கம் விலகின. நட்டநடுவில் மட்டும் பழைய இடைவெளி அப்படியே இருந்தது. மேலே அமுக்கம், கீழே இழுவிசை, நடுவில் இரண்டும் இல்லாத ஒரு மட்டம். அதைத்தான் நடுநிலை அச்சு என்று எழுதி வைத்திருந்தார்கள்! வளைந்த பிறகும் கோடுகள் கோணாமல் நேராகவே நின்றதைப் பார்த்தபோது, ‘தளவெட்டுகள் தளமாகவே இருக்கும்’ என்று நான் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த வரியும் எழுந்து உட்கார்ந்தது. சூத்திரம் அதற்குப் பிறகு தமிழில் பேச ஆரம்பித்தது. முதல் பின்னம், உன்னை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறார்கள், அதைத் தாங்க உன் வடிவம் எப்படி என்று கேட்கிறது. இரண்டாவது, நடுமட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போனால் எவ்வளவு வலி என்று கேட்கிறது. மூன்றாவது, நீ எதனால் ஆனவள், எவ்வளவு வளைந்திருக்கிறாய் என்று கேட்கிறது. மூன்றுக்கும் பதில் ஒன்று. தேர்வில் அடுத்த முறை தேறியது இருக்கட்டும். அந்த அழிரப்பரை இன்னும் வைத்திருக்கிறேன்.

உன் சொற்களில் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாகிங், ஹாகிங். நடு தொய்ந்து தொட்டில் போல வளைந்தால் சாகிங். நடு எழும்பி முதுகு போலக் கூனினால் ஹாகிங். இரண்டாவது கப்பல்காரர்கள் புழங்கிய சொல். பன்றி முதுகு போல வளைவது. எங்கள் வாத்தியார், சிரிக்கிற வாய் பாசிட்டிவ், அழுகிற வாய் நெகட்டிவ் என்று இரண்டு வாய் வரைந்து காட்டினார். பல தூண்கள் மேல் நீண்டு ஓடும் உத்திரம், இரண்டு தூணுக்கு நடுவில் சிரிக்கிறது, தூணின் தலைக்கு மேல் அழுகிறது. ஒரே உடம்பில் இரண்டும் இருப்பதால்தான் கம்பியை எங்கே போடுவது என்பதில் இத்தனை குழப்பம்.

உத்திரமே, உன்னைப் புரிந்துகொள்ளாத பெரியவர்களை அறிமுகம் செய்துவைத்தாயே, அதற்கும் நன்றி. 1638ஆம் ஆண்டில் கலிலியோவின் கடைசிப் புத்தகம் லெய்டன் நகரத்தில் அச்சேறியது. அவர் அப்போது ஃபுளோரன்ஸ் அருகே வீட்டுக்காவலில் இருந்தார். வயது 74, பார்வை போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு படம்: செடி முளைத்த பழைய சுவரிலிருந்து ஒரு மரம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி மாட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டிருக்கும். உயரம் இரட்டித்தால் பலம் நான்கு மடங்கு என்று சரியாகவே சொன்னார். ஆனால் மரம் தன் அடிவிளிம்பை ஊன்றிக்கொண்டு திரும்புகிறது, வெட்டுமுகம் முழுக்க ஒரே அளவில் இழுபடுகிறது என்று நினைத்துவிட்டார். அடியில் அமுக்கம் இருப்பதை அவர் பார்க்கவில்லை. அந்தக் கணக்குப்படி போனால் உன் பலம் உண்மையைப் போல மூன்று மடங்காகத் தெரியும். பின்னால் வந்த ஹூக், வளையும் கட்டையில் ஒரு பக்கம் நீள்வதையும் மறுபக்கம் சுருங்குவதையும் சொன்னார். 1713ஆம் ஆண்டில் பாரிசில் அன்டோன் பரான் என்பவர் சரியாகவே கண்டுபிடித்து எழுதினார். அதைப் பொருட்படுத்த ஆளில்லை. அறுபது வருடம் கழித்துக் கூலோம் அதே இடத்துக்குத் தனியாக நடந்து வந்து சேர்ந்தார். 1826ஆம் ஆண்டு வெளியான நேவியரின் விரிவுரைகளுக்குப் பிறகுதான், நாங்கள் இன்று படிக்கும் வடிவத்தில் நீ பாடப்புத்தகம் ஏறினாய். கலிலியோவிலிருந்து நேவியர் வரை 188 ஆண்டுகள். ஒரு பருவத்தில் உன்னைப் புரிந்துகொள்ளாமல் தோற்றதற்காக அழுத பெண், இதைப் படித்த அன்று இரண்டு பரோட்டா அதிகம் சாப்பிட்டாள்.

உத்திரமே, ஆனாலும் உன்னை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நேவியர் இல்லை. என் முதல் வேலைத்தளத்தில் கம்பி கட்டிய ஒரு பெரியவர். கையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, பால்கனிக்குக் கம்பி மேலேயா கீழேயா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அறையின் உத்திரத்தில் பெரிய கம்பிகள் அடியில் இருந்தன. பால்கனியில் மேலே காட்டியிருந்தது. அச்சுப்பிழையோ என்று சந்தேகம். பெரியவர் ஒரு சாந்துச்சட்டியில் பாதிக்குக் கலவை போட்டு என்னிடம் நீட்டினார்.

“தாயி, அந்தப் பேப்பர மடிச்சு வச்சிட்டு இதப் பிடிங்க. ஒத்தக் கையில. கைய மடக்கக் கூடாது, நேரா நீட்டணும்.”

பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கியது.

“எங்க வலிக்கி?”

“தோள்பட்டையில.”

“மேலயா, கீழயா?”

“மேல.”

“அப்பொ கம்பி மேல. வலிக்கிற பக்கம் கம்பி, தாயி. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பேப்பரு?”

உத்திரமே, அந்தச் சட்டியை இறக்கி வைத்தபோது திருப்புத்திறன் என்ற சொல் என் தோளில் இறங்கியது. அதே சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்திருப்பேன். எடை மாறவில்லை, தோளிலிருந்து அது நின்ற தூரம்தான் மாறியது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் அந்த வலி. நுனியில் அது சைபர், சுவரோடு சேரும் இடத்தில் உச்சம். அன்று முழுவதும் பெரியவரின் பின்னாலேயே சுற்றினேன். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். எம் 20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அமுக்கம் வரை தாங்கும். வளைத்தால் நீளும் பக்கத்தில் மூன்றைத் தாண்டியதும் விரிசல் விடும். அந்த ஏழைப் பக்கத்துக்குத்தான் கம்பி. கிராங்க் அடித்த கம்பியைக் காட்டினார். நடுவில் அடியோடு ஓடிவந்து, தூணை நெருங்கும்போது சாய்வாக ஏறி, தூண் தலைக்கு மேல் மேல்பக்கமாகப் போகும். சிரிப்பிலிருந்து அழுகைக்கு வலி இடம் மாறும் வழியிலேயே கம்பியும் போகிறது. இப்போது அப்படி வளைத்துக் கட்டுவது குறைந்து, தூண் மேல் தனியாக எக்ஸ்ட்ரா பார் போடுகிறோம். கம்பிக்கட்டுக்காரருக்கு வேலை சுளுவு என்பதால் நானும் மறுப்பதில்லை. ஆனால் கிராங்க் அழகு.

அந்தப் பெரியவர் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆன இன்னொரு கேள்வி, “ரிங்கு எத்தன இஞ்சுக்கு?” நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்தான் ரிங்கு. தூணை ஒட்டி நான்கு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று சொல்வோம். ஏன் ஓரத்தில் நெருக்கம்? வளைவு நடுவில் அதிகம் என்றால், உன்னைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் துணிப்பு விசை ஓரத்தில் அதிகம். அந்த விரிசல் நேராக வராது. தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக வரும். நடுவில் அடியிலிருந்து நேராக மேலேறும் மயிரிழைக் கீறலைப் பார்த்தால் எனக்கு யோசனை வரும். தூணோரச் சாய்வுக் கீறலைப் பார்த்தால் பயம் வரும்.

உத்திரமே, இனி வெட்கக் கடன். என் மூன்றாவது வருடம். ஒரு வீட்டின் மாடியில் நான்கடி நீட்டிய பால்கனி, ஐந்து அங்குலத் தடிமன். கம்பிகளையெல்லாம் நானே சரிபார்த்தேன். மேலே இருந்தன. எண்ணிக்கை சரி, தடிமன் சரி. கான்கிரீட் போடும் நாளில் மழை கருத்துக்கொண்டு வந்தது, சிமெண்ட் குறைந்தது, நான் தொலைபேசி தேடித் தெருமுனைக்குப் போனேன். கம்பியை மேலே தூக்கி நிறுத்தும் சேர்க்கம்பிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வைத்திருந்தோம், நடைபலகை போடவில்லை. ஜல்லிச்சட்டியோடு வந்தவர்கள் வேறு எங்கே கால் வைப்பார்கள்? மிதித்து மிதித்து அத்தனை கம்பியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் திரும்பி வந்தபோது மேலே பூசி மட்டம் பார்த்து முடித்திருந்தார்கள். மழமழவென்று பார்க்க அழகாகவே இருந்தது.

மூன்றாவது வாரம் முட்டைத் தளர்த்தியதும் நுனி ஓர் அங்குலம் இறங்கியது. சுவரோரம் மேல்பக்கத்தில் நெடுகக் கீறல். ஒரு ரூபாய்க் காசு நுழையும். அலறி மறுபடி முட்டுக் கொடுத்தோம். ஒருவருக்கும் அடியில்லை. இடித்துப் பார்த்தபோது கம்பி அத்தனையும் இருந்தது, இடம்தான் தப்பு. அடிமட்டத்திலிருந்து 100 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டியது 40இல் கிடந்தது. பலம் பாதிக்கும் கீழே போய்விட்டது. இடித்துக் கட்டிய செலவில் என் பங்கு மூன்று மாதச் சம்பளம். கம்பிக்காரப் பெரியவர் திட்டவில்லை. “தோள்பட்டையில வலிக்கி, முழங்காலுக்குத் தைலம் தேச்ச மாதிரி ஆயிப்போச்சு தாயி” என்றார். திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து கேண்டிலீவருக்குக் கான்கிரீட் விழும்போது நான் தேநீருக்குக்கூட நகர்வதில்லை. அமெரிக்காவில் ஒரு நீர்வீழ்ச்சி மேல் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய புகழ்பெற்ற வீட்டின் முற்றங்களும் ஏறக்குறைய ஏழு அங்குலம் தொய்ந்துபோய், 2002ஆம் ஆண்டில் முறுக்கேற்றிய எஃகு வடங்களைப் போட்டு நிலைப்படுத்தினார்கள் என்று பின்னால் படித்தேன். ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். துணை என்று சொல்லலாம்.

கோயில் உத்திரமே, உன் பெயரையே நான் தாமதமாகத்தான் உன்னிடம் கேட்டு வாங்கினேன். பீம் பீம் என்றே வாய் பழகியிருந்தது. நெல்லையப்பர் கோயில் மண்டபத்தில் ஒரு மதியம் வெயிலுக்கு ஒதுங்கியபோது, சிற்பம் தெரிந்த ஒரு நண்பர் கீழிருந்து மேலாக விரல் நீட்டிச் சொன்னார்: தூண், போதிகை, உத்திரம். போதிகை என்பது அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நுனியில் வாழைப்பூ போலத் தொங்கவிட்டு அப்படித்தான் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். கல்லும் கான்கிரீட் போலத்தான். அமுக்கினால் மலை, இழுத்தால் ஏழை. அதற்குள் கம்பியும் போட முடியாது. அப்புறம் என்ன வழி? தூண்களை நெருக்கமாக நிறுத்து. தூண் தலையில் இருபுறமும் கை நீட்டிய போதிகையை வைத்து, உத்திரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறை. தூண்களுக்கு இடையே பத்தடி என்று வைத்துக்கொள். இருபுறமும் போதிகை ஓரடி நீண்டால் மிச்சம் எட்டடி. பரவலான பாரத்தில் வளைவுத் திருப்புத்திறன் தூரத்தின் இருமடிக்கேற்ப வளரும். நூறு இருந்த இடத்தில் அறுபத்து நான்கு. ஓரடிக் கல்லை நீட்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலியைக் குறைத்திருக்கிறார்கள். நேவியரின் புத்தகத்துக்குப் பல நூற்றாண்டு முன்னால். நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்டுகிற ஆள் இல்லை நான். அவர்கள் சூத்திரம் எழுதி வைக்கவில்லை, உடைந்த கற்களிடம் பாடம் கேட்டிருப்பார்கள். என் பால்கனியைப் போல.

உத்திரமே, உன்னிடம் கற்றதில் வீட்டுக்காரர்களுக்கு விளங்க வைக்க நான் அதிகம் பாடுபடுவது, உடையாமல் இருப்பது வேறு, தொய்யாமல் இருப்பது வேறு என்பதைத்தான். பலத்துக்குக் குறைவில்லாத உத்திரம்கூட இறங்கிக் கதவைப் பிடிக்க வைக்கும், டைல்ஸை விரிய வைக்கும். இந்திய விதிநூலில் தாண்டும் தூரத்தை 250ஆல் வகுத்து வருவதுதான் மொத்த இறக்கத்துக்கு எல்லை. ஐந்து மீட்டர் உத்திரத்துக்கு 20 மில்லிமீட்டர். தூரத்தை இரட்டித்தால் பரவலான பாரத்தில் இறக்கம் பதினாறு மடங்கு ஆகும். ‘நடுவுல இருக்குற தூண எடுத்துருங்க மேடம், ஹால் பெருசாத் தெரியும்’ என்று சொல்பவர்களிடம் இந்தப் பதினாறைத்தான் சொல்வேன். கான்கிரீட் இன்னொரு சங்கடம் வைத்திருக்கிறது: பாரம் மாறாமலே பல வருடம் மெல்ல மெல்ல இறங்கும். முதல் நாள் இறக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்குவரை போகலாம். அதனால்தான் சந்தேகம் என்று கூப்பிடும் வீடுகளுக்கு, லேசர் கருவியோடு இரண்டு தீப்பெட்டியும் நூலும் எடுத்துப் போகிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி போய்க் குச்சி எண்ணுவேன். எண்ணிக்கை மாறவில்லை என்றால், தாத்தா சொன்னதையே சொல்லிவிட்டு வருவேன்.

ஒரு முறையீடும் உண்டு, உத்திரமே. உன்னிடம் இல்லை, இதை ஒட்டுக்கேட்கிறவர்களிடம். ஏசி குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் உத்திரத்தைக் குடைகிறவர்கள், குடைவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நடுமட்டத்தில், தூணை விட்டுத் தள்ளி, சிறிய துளை என்றால் பெரும்பாலும் வழி சொல்ல முடியும். அங்கே இழுப்பும் அமுக்கமும் குறைவு. அடிப்பக்கத்தைக் கொத்திக் கம்பியை வெட்டுவது, ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு சங்கிலியை அறுப்பதற்குச் சமம். கொத்திவிட்டுச் சிமெண்ட் வைத்து மூடினால் கண்ணுக்குத் தெரியாது, உத்திரத்துக்குத் தெரியும்.

உத்திரமே, மணி ஒன்று ஆகப்போகிறது. உனக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆச்சி வீட்டை விற்று இடித்தபோது அந்தத் தேக்கு உத்திரத்தை மட்டுமாவது வாங்கிவிட நினைத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் லாரி ஏறிவிட்டது. எங்கேயாவது யார் வீட்டு நிலைக்கதவாகவோ நின்றுகொண்டிருக்கும். கம்பிக்காரப் பெரியவர் காலமாகி ஒன்பது வருடம். அவர் பேரன் இப்போது என்னிடம் கம்பி கட்டுகிறான். போன மாதம் அவன் கையில் சாந்துச்சட்டியைக் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இடது கையால் வலது தோளின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

நாளைக்குப் பிரிக்கப் போவது அவன் கம்பி கட்டிய பால்கனி. விதிநூல் கேட்பது குறைவான நாள்தான். நான் இருபத்தொரு நாள் விட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். முட்டுகளை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சுவரை நோக்கி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டிகள் பையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்துக்கொண்டே பிழைத்தவள்